முகிலன் செத்தா எனக்கு லீவு இல்ல

புதன்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. லீவு கேக்கணும்.

ஞாயித்துக்கிழமை ஊர்ல என் அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து. சாத்தூர் பக்கம், எங்க குலதெய்வம் கோயில்ல. புள்ளைய மடியில வச்சுக்க வேண்டிய தாய்மாமன் நான்தான். அக்காவுக்கு வேற தம்பி கிடையாது. போன தடவை தேதி குறிச்சப்ப கம்பெனியில ஆர்டர் ஜாஸ்தின்னு ஓ.டி. போட்டுட்டாங்க. நான் போக முடியல, விசேஷமே தள்ளிப்போச்சு. புள்ளைக்கு இப்ப பேச்சே வந்துருச்சு. வீடியோ கால்ல வந்து, "மாமா, எனக்கு எப்ப கம்மல்?"னு அதுவே கேக்குது.

அக்கா அதுக்கும் மேல. "தம்பி, இந்த வாட்டியும் நீ வரலைன்னா உன் போட்டோ மேல புள்ளைய உக்கார வச்சுக் குத்திருவேன், பாத்துக்க"ன்னுட்டா. செய்யக்கூடியவதான்.

நான் ஒரகடத்துல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில ஆபரேட்டர். எங்க லைன்ல யாருக்கு லீவு வேணும்னாலும் மேகலா மேடம் தலையாட்டணும். லைன் இன்சார்ஜ். வல்லக்கோட்டைக்குப் பக்கத்து கிராமம், விவசாயக் குடும்பம். போன ஆவணியிலதான் மகனுக்குக் கல்யாணம் முடிச்சு, வீட்டுக்கு மருமக வந்திருக்கா. நல்ல மனுஷி. ஆனா மூடு பாத்துத்தான் கிட்டப் போகணும்.

அந்த வாரம் எனக்கு ஏ ஷிஃப்ட், அவங்களுக்கு பி ஷிஃப்ட். மத்தியானம் நான் கிளம்புற நேரத்துலதான் அவங்க உள்ள வருவாங்க. அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பேரு ஹேண்ட்ஓவர். மெஷின் எப்படி ஓடுச்சு, எங்க சத்தம் வருது, எது மக்கர் பண்ணுது, எல்லாத்தையும் போறவன் வர்றவன்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும்.

எங்க லைன்ல இன்னொரு ஹேண்ட்ஓவரும் உண்டு. "அகிலாண்டம் இல்லம்" ஹேண்ட்ஓவர்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். அது ராத்திரி சாப்பாட்டு நேரத்து சீரியல். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே ஓடிக்கிட்டிருந்துச்சு, நான் ரிட்டயர் ஆனப்புறமும் ஓடும். மாமியார் அகிலாண்டம் பொல்லாதவங்க. மருமக வெண்மதி ரொம்ப நல்லவ, தண்ணி கேட்டாக்கூட அழுதுக்கிட்டேதான் கொண்டு வருவா. ஒரு விபத்துல அவளுக்கு நினைவு போயிருச்சு. புருஷன் முகிலன், "நான்தாம்மா உன் வீட்டுக்காரன்"னு சொல்லிக்கிட்டே வருஷக்கணக்கா பின்னாடி அலையறான். அகிலாண்டம் அதைக் கெடுத்துக்கிட்டே இருக்காங்க. கதை அவ்வளவுதான்.

பி ஷிஃப்ட்காரங்க இதைப் பாக்க முடியாது. போனை லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டுத்தான் லைனுக்குப் போகணும். சில பேரு மறுநாள் காலையில போன்ல பாத்துருவாங்க. பாக்காதவங்களுக்காக முந்தின நாள் எபிசோடை ஏ ஷிஃப்ட்காரன் ஒருத்தன் லாக்கர் பக்கத்துல நின்னு சொல்லணும்கிறது எங்க லைன் வழக்கம். பாத்தவங்களும் வந்து நிப்பாங்க, அது வேற விஷயம்.

அந்தப் பொறுப்பு என்கிட்ட. எனக்கு எல்லார் குரலும் வரும். அகிலாண்டம் மாதிரி மூக்கை விடைச்சுக்கிட்டுச் சிரிப்பேன். பின்னணி மியூசிக்கையும் வாயாலயே போடுவேன். படிச்சது டிப்ளமோ மெக்கானிக்கல்.

செவ்வாய்க்கிழமை எபிசோடை வழக்கம்போல சுங்குவார்சத்திரத்துல சரோஜா அக்கா மெஸ்ஸுல உக்காந்து பாத்தேன். அங்க சீரியல் ஓடும்போது சாம்பார் கேட்டா, விளம்பரம் வர்ற வரைக்கும் பொறுக்கணும். கேட்டவன் புதுசுன்னு எல்லாரும் புரிஞ்சுக்குவோம்.

அன்னைக்கு முகிலன் செத்துட்டான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெண்மதி. இந்தப் பக்கம் முகிலன். அவ அவனை உத்துப் பாத்து, நினைவு போனதுக்கு அப்புறம் மொத தடவையா "மு..."ன்னு ஆரம்பிக்கிறா. லாரி வருது. அவன் முகத்தைக் கிட்டக்க காட்டுறாங்க, லாரியைக் காட்டுறாங்க, மறுபடி அவன் முகம். விளம்பரம். திரும்ப வந்தா லாரி இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. அடுத்த விளம்பரமும் போச்சு. அவ்வளவு நேரத்துல நான் ஒரகடத்துக்கே நடந்து போய்ச் சேர்ந்திருப்பேன். அவன் ஒரு அடி ஒதுங்கல.

ஆனா ஒண்ணு சொல்லணும். அவன் விழுந்து கிடக்கையில வெண்மதி ஓடி வந்து கையைப் புடிச்சு, "நீங்க யாருன்னே தெரியல. எனக்கு ஏன் இப்படி அழுகை வருது?"ன்னு கேட்டா பாருங்க, நான் புட்ட தோசையைத் தட்டுலயே வச்சுட்டேன். சரோஜா அக்கா கரண்டியைக் கீழ போட்டுட்டு முந்தானையை எடுத்துக்கிச்சு. அந்தப் பொண்ணு நடிப்புக்குக் கும்பிடலாம். அந்த லாரிக்கு எழுதினவனை என்ன பண்றதுன்னுதான் தெரியல.

இப்படி பாதி மனசு உருகியும் பாதி மனசு கடுப்பாயும் புதன்கிழமை வேலைக்குப் போனேன். மத்தியானம் மேகலா மேடம் வந்தாங்க. மூஞ்சி சரியில்ல.

"மேடம், ஒரு லீவு..."

"லீவு அப்பால. மொதல்ல கதைய சொல்லு. காலைலேர்ந்து வூட்ல கரண்ட் இல்ல, போனும் ஆஃப் ஆயிடுச்சு. நேத்து இன்னா ஆச்சு? முகிலனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

நான் வாயைத் திறந்தேன்.

"அவன் மூஞ்சப் பாத்தா என் புள்ள மாதிரியே கீது முத்து. முந்தாநேத்து கடைசில அந்த லாரிய காட்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

திறந்த வாயை மூடிட்டேன். உள்ளதைச் சொன்னா இந்தம்மா ஷிஃப்ட் முழுக்க அழும். அழுதுக்கிட்டே யாருக்காவது லீவு குடுத்ததா எங்க லைன்ல சரித்திரமே கிடையாது. என் போட்டோ மேல அக்கா பொண்ணு உக்காந்திருக்கிற காட்சி கண்ணு முன்னாடி வந்துச்சு.

"முகிலனுக்கு ஒண்ணும் இல்ல மேடம். லாரி வந்துச்சு, ஒதுங்கிட்டான்."

இதோட நிறுத்தியிருக்கலாம். எனக்குள்ள இருக்க கலைஞன் நிறுத்த விடல. லாரி வர்றதைப் பாத்து வெண்மதி "முகிலா"ன்னு கத்தினான்னு சொன்னேன். கத்தின அதிர்ச்சியில நினைவு திரும்பிருச்சுன்னேன். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனதும் அகிலாண்டம் "என்னை மன்னிச்சிரு ராசா"ன்னு மகன் கால்ல விழுந்துட்டாங்கன்னேன். மியூசிக் போட்டேன். அகிலாண்டம் குரல்ல அழுதும் காட்டினேன்.

மேடம் யூனிஃபார்ம் கோட்டு நுனியால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "இத்தினி வருஷம் பாத்ததுக்கு இப்பத்தான்டா மனசு குளுந்துது. உனக்கு இன்னா வோணும், லீவா?"

"அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து மேடம். தாய்மாமன் நான்."

"தாய்மாமன் இல்லாம எப்டிடா குத்துவாங்க? வெள்ளிக்கெழம சாய்ங்காலம் கெளம்பு, செவ்வாக்கெழம வந்தா போதும்."

வெளிய வந்து அக்காவுக்குப் போன் போட்டு, "வர்றேன், தேங்காய் உடை"ன்னு சொன்னேன். மேடம் வீட்டுக்கு மறுநாள் கரண்ட் வரும்ங்கிறது எனக்குச் சுத்தமா தோணல.

அன்னைக்கு ராத்திரி மெஸ்ஸுல எபிசோடு முழுக்க முகிலனுக்கு இறுதிச் சடங்கு. தலையில இருந்து நெஞ்சு வரைக்கும் கட்டுப் போட்டு வாசல்ல கிடத்தியிருக்காங்க. வீட்டு ஆளுங்க வரிசையா வந்து அழறாங்க. ஒவ்வொருத்தர் அழும்போதும் முகிலன் பழைய ஸ்கூட்டர்ல போன அதே காட்சியைத் திரும்பத் திரும்பப் போடறாங்க. கடைசியில சிதை அடுக்கியாச்சு, கொள்ளியைக் கிட்டக் கொண்டு போயாச்சு. தொடரும்.

சரோஜா அக்கா அழுதுச்சு. நானும் அழுதேன். அது அழுதது வெண்மதிக்காக.

வியாழக்கிழமை விடிகாலையில நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் ரூம்மேட் ஐயப்பன் போர்வையை விலக்கித் தலையை நீட்டினான். அவனுக்கு மேடத்தோட பி ஷிஃப்ட், தென்காசிக்காரன்.

"ஏல முத்து, மேடத்துட்ட என்னல சொல்லி வச்சிருக்க? நேத்து டீ நேரத்துல அவ்வோ லைன் முழுக்க ஒன் கதைய சொல்லுதாவ. 'முகிலன் செத்துட்டாம்லா'ன்னு நான் சொன்னதுக்கு, 'உனக்கு நல்ல வார்த்தையே வாயில வராதா'ன்னு எல்லாரும் சேந்து என்னைய ஏசுதாவ."

"நீ என்னடா சொன்ன?"

"நான் என்ன சொல்ல. எனக்கும் பொங்கலுக்கு லீவு வேணும்லா"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டான்.

மத்தியானம் ஹேண்ட்ஓவர். மேடம் லாக்கர் பக்கத்துல எனக்காக நின்னுக்கிட்டிருந்தாங்க. பின்னாடி பி ஷிஃப்ட் மொத்தமும் நிக்குது. கண்ணெல்லாம் செவந்திருக்கு. எல்லாரும் காலையில ரெண்டு எபிசோடையும் சேத்துப் பாத்துட்டு வந்திருக்காங்க.

"முத்து, மெஷின்ல ஆயில் லீக் ஆவுதுன்னு தெரிஞ்சும், 'நல்லா ஓடுது மேடம்'னு சொல்ட்டு வூட்டுக்குப் போவியா?"

"போக மாட்டேன் மேடம்."

"வர்ற ஷிஃப்ட்ட நம்ப வெச்சுக் கழுத்த அறுக்கறது எவ்ளோ பெரிய தப்பு?"

"பெரிய தப்பு மேடம்."

"அப்ப செத்தவன எப்டிடா உயிரோட ஹேண்ட்ஓவர் பண்ண? நான் போயி என் மருமககிட்ட, 'பாத்தியா, மாமியாரே கால்ல வுழுந்துட்டாங்க'ன்னு சொல்லிக்கினு கீறேன். அவ டிவிய போட்டுக் காட்றா, அங்க பாடைய கட்டிக்கினு கீறாங்க. ஊர்ல காதுகுத்துன்னு வந்து நின்ன. மொத குத்து எனக்கா?"

நான் தரையைப் பாத்தேன். எங்க கம்பெனித் தரை ரொம்ப சுத்தம், என் மூஞ்சி அதுல தெரிஞ்சுது.

"இதுல இன்னா கொடுமைன்னா, நீ சொன்ன கதைதான் நல்லா கீது. அந்த டைரக்டருக்கு அந்த அறிவு இல்ல. சரி, தப்பா போன பீஸ இன்னா பண்ணுவோம்?"

"ரீவொர்க் பண்ணுவோம் மேடம்."

"பண்ணு."

"எதை மேடம்?"

"கதைய. இவங்க எல்லார் முன்னாடியும் சரியா சொல்லு. நீதான உயிரோட வெச்ச? நீயே சாவடி."

எல்லாரும் பாத்துட்டு வந்த கதை. இருந்தாலும் சொன்னேன். லாரியா வந்தேன். முகிலனா விழுந்தேன். வெண்மதியா ஓடி வந்து என் கையை நானே புடிச்சுக்கிட்டு, "எனக்கு ஏன் அழுகை வருது?"ன்னு கேட்டேன். மொதல்ல மேடம் மூக்கை உறிஞ்சினாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா ஆரம்பிச்சாங்க. ஐயப்பன் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். கொள்ளி வைக்கிற இடம் வந்தப்ப நானே சட்டைக் கையால கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். உண்மையைச் சொல்றேன், டிவியில பாத்ததை விட நல்லா இருந்துச்சு.

"மேடம், என் லீவு?"

"நாளைக்குப் பாக்கலாம். இப்ப எனக்கு மனசு சரியில்ல."

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சாயங்காலம் பஸ் ஏறி வல்லக்கோட்டைக்கு முருகனைப் பாக்கப் போனேன்.

ஒரு விஷயம் சொல்லிக்கறேன். சீரியல்ல செத்தவங்க திரும்பி வர்றதை என்னை மாதிரி திட்டினவன் சுங்குவார்சத்திரத்துலயே கிடையாது. போன மாசம் அகிலாண்டத்தோட வீட்டுக்காரர், மாலை போட்ட போட்டோவா செவுத்துல தொங்கிக்கிட்டிருந்தவர், சூட்கேஸோட வாசல்ல வந்து நின்னாரு. நான் பாதி சாப்பாட்டுல எந்திரிச்சு வந்துட்டேன். செத்தவன்னா செத்தவனா இருக்கணும், பாக்குறவனை முட்டாளாக்கக் கூடாதுங்கிறது என் கொள்கை.

அந்தக் கொள்கையை வெளிய செருப்போட விட்டுட்டு உள்ள போனேன்.

அர்ச்சனைத் தட்டை வாங்கிட்டு குருக்கள் கேட்டாரு, "பேரு?"

"முகிலன்."

"நட்சத்திரம்?"

இத்தனை வருஷமா பாக்குறேன், அவன் நட்சத்திரத்தை ஒரு எபிசோடுலயும் சொல்லல.

"தெரியல சாமி."

"உறவா?"

"ஒரு வகையில. உயிருக்குப் போராடுறாரு."

அவர் முகம் வாடிருச்சு. "கவலைப்படாதீங்க, முருகன் கைவிட மாட்டான்"னு சொல்லி எனக்கு ஒரு பூ கூடவே குடுத்தாரு. அந்தப் பூவைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு நேரா மெஸ்ஸுக்கு வந்து டிவி முன்னாடி உக்காந்தேன்.

கொள்ளி சிதைக்குக் கிட்ட வருது. விளம்பரம். இன்னும் கொஞ்சம் கிட்ட வருது. "நிறுத்துங்க"ன்னு ஒரு குரல். எல்லாரும் திரும்புறாங்க, ஒவ்வொருத்தரா திரும்புறாங்க. முகிலன் நிக்கிறான். தலை கூட கலையல.

படுத்திருக்கிறது அவன் சட்டையைத் திருடிப் போட்டுக்கிட்டுப் போன ஒருத்தனாம். செவ்வாய்க்கிழமை லாரி முகிலன் மேல ஏறினதை நாங்க அத்தனை பேரும் கண்ணால பாத்தோம். கட்டைப் பிரிச்சு ஒரு தடவை முகத்தைப் பாக்கணும்னு அந்தக் குடும்பத்துல ஒருத்தருக்குமா தோணல? வெண்மதி "முகிலா"ன்னு கத்தினா. நினைவு வந்துருச்சு. அகிலாண்டம், "என்னை மன்னிச்சிரு ராசா"ன்னு மகன் கால்ல விழுந்தாங்க. நான் புதன்கிழமை சொன்னது அப்படியே.

சரோஜா அக்கா தோசைத் திருப்பியை டம்முன்னு வச்சுச்சு. "இன்னா இது அக்குறும்பா கீது? நேத்து நான் அழுதது யாருக்கு, அந்தச் சட்ட திருடனுக்கா?"

ரசிகனா எனக்கும் பத்திக்கிட்டு வந்துச்சு. இதைவிடக் கேவலமா ஒரு எபிசோடு எடுக்க முடியாது. ஆனா தாய்மாமனா பாத்தா, இதைவிட நல்ல எபிசோடு தமிழ்ல இதுவரைக்கும் வந்ததில்ல. கண்ணுல தண்ணி கொட்டுது, எந்திரிச்சு நின்னு கை தட்டறேன்.

"நீயா கைதட்ற?"ன்னு சரோஜா அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு. "போன மாசம் அந்தப் பெரியவரு திரும்பி வந்ததுக்கு சோத்த வுட்டுட்டுப் போன ஆளு நீ."

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போற பையை லாக்கர்ல வச்சுட்டு, நெஞ்சை நிமித்திக்கிட்டு ஹேண்ட்ஓவருக்கு நின்னேன். பி ஷிஃப்ட் மொத்தமும் என்னை முறைச்சுக்கிட்டே வந்துச்சு.

"நீ மொத சொன்னதுதான் கரெக்டு"ன்னாங்க மேடம். "அப்பால எதுக்குடா நேத்து எங்க எல்லாரையும் அழ வெச்ச?"

"நீங்கதான் மேடம் ரீவொர்க் பண்ணச் சொன்னீங்க."

"நான் சொன்னா? நல்ல பீஸ எவனாவது ரீவொர்க் பண்ணுவானா?"

நான் லாக்கர்ல இருந்து பையை எடுத்துத் தோள்ல மாட்டினேன். மேடமே சிரிச்சுட்டாங்க. "சரி, போய்ட்டு வா. செவ்வாக்கெழம வா."

நான் அந்த நிமிஷமே ஓடியிருக்கணும். மேடம் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தி, "ஆமா, உனக்கு எப்டி முன்னாடியே தெரிஞ்சுது?"ன்னு கேட்டாங்க. உளறினேன் மேடம், குருட்டு அதிர்ஷ்டம்னு சொல்லியிருந்தா விஷயம் முடிஞ்சிருக்கும். ஆனா பி ஷிஃப்ட் மொத்தமும் என்னை ஒரு மரியாதையோட பாத்துக்கிட்டிருந்துச்சு. அந்த மாதிரி பார்வை எனக்குப் பழக்கமில்ல.

"எல்லாம் அனுபவம்தான் மேடம்."

"அப்ப இனிமே இன்னா ஆவும்?"

"அகிலாண்டம் கதை முடிஞ்சுது மேடம். நெஞ்சுவலி வரும். ஆஸ்பத்திரி. அதோட சரி."

மேடத்துக்குப் பின்னாடி ஐயப்பன் வேணாம் வேணாம்னு தலையை ஆட்டிக்கிட்டிருந்தான். நான் அதைப் பாக்குறதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டேன்.

"எதுக்கு சாவணும்?"

"பண்ணின பாவம் மேடம்."

"இன்னாடா பாவம் பண்ணுச்சு அந்தம்மா? இத்தினி வருஷமா ஒண்டியா வூட்ட இஸ்துப் புடிச்சு நடத்துச்சு. வந்தவ எல்லாம் நல்லவ, பெத்து வளத்தவ மட்டும் கெட்டவளா? புள்ள கால்ல வேற வுழுந்துடுச்சு, இன்னும் இன்னா வோணுமாம்?"

அப்பத்தான் எனக்கு மேடம் வீட்டு ஆவணி மாசக் கல்யாணம் ஞாபகம் வந்துச்சு.

"திங்கக்கெழம காலைல லைன்ல நிக்கணும்"னு சொல்லிட்டு மேடம் உள்ள போயிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை கோயில்ல மாலையைப் போட்டு என்னை உக்கார வச்சு, மடியில புள்ளைய வச்சாங்க. அதுக்கு ஒரே சந்தோஷம், என் காதைப் புடிச்சு இழுத்துக்கிட்டிருந்துச்சு. அதோட கனம் மடியில இறங்கினப்ப, முகிலனுக்காக நான் பட்ட பாடு எல்லாம் தகும்னு தோணுச்சு. ஆசாரி ஊசியை எடுத்தாரு. பாத்ததும் புள்ள வீல்னு கத்த, என் போன் அடிச்சுது. மேகலா மேடம்.

"முத்து, நேத்து அந்தம்மாவுக்கு நெஞ்சுவலி வந்துடுச்சுடா. நீ சொன்னா மாதிரியே வந்துடுச்சு. ஆஸ்பத்திரில சேத்துக்கீறாங்க."

"மேடம், இங்க காது..."

"பொழைக்குமா பொழைக்காதா? அத மட்டும் சொல்லு."

ஆசாரி ஊசியைப் புடிச்சுக்கிட்டு என்னைப் பாக்குறாரு. அக்கா முறைக்கிறா. புள்ள என் மாலையைப் பிச்சுக்கிட்டு அழுகுது. சாயங்காலப் பஸ்ஸைப் புடிக்கணும்னா பந்திக்குக்கூட உக்கார முடியாதுங்கிற நிலைமை எனக்கு.

"பொழச்சுக்குவாங்க மேடம். நூறு வயசு. நான் வந்ததும் வல்லக்கோட்டையில அவங்க பேருக்கு அர்ச்சனை பண்றேன்."

"புள்ள அழுவுது பாரு, நல்லா புடிச்சுக்கோ. செவ்வாக்கெழமையே வா"ன்னு சொல்லி வச்சுட்டாங்க.

கம்மல் போட்டாச்சு. நானும் ஊர்ல இருந்து திரும்பி வந்தாச்சு. அகிலாண்டம் மட்டும் இன்னும் ஐ.சி.யூ.லதான் இருக்காங்க, அவங்க கண்ணு முழிக்கிற வரைக்கும் நான் தீபாவளிக்கு லீவு கேக்கறதா இல்ல.